மெஷின் வரட்டும், பங்கு எங்கே?

2024 செப்டம்பர் 28 அன்று இந்திய அரசு வெள்ளை அரிசி ஏற்றுமதித் தடையை நீக்கியது. ஒரு வருஷத்துக்கும் மேலாக சோனா மசூரி மூட்டைக்கு ஆலாய்ப் பறந்த நியூ ஜெர்சித் தமிழர்கள் ‘அப்பாடா’ என்றார்கள். மூன்றே நாளில் அடுத்த அடி. அக்டோபர் 1 பிறந்ததும் மெய்ன் மாநிலத்திலிருந்து டெக்சாஸ் வரை அமெரிக்காவின் கிழக்குக் கரை, வளைகுடாக் கரைத் துறைமுகங்கள் மூடிவிட்டன. அரிசி இறங்க வேண்டிய இடத்தில் தொழிலாளர்கள் பலகை பிடித்து நின்றார்கள்.

வேலைநிறுத்தம் மூன்று நாள்தான் நடந்தது. அக்டோபர் 3 இரவு முடிந்துவிட்டது. அன்றைக்குத்தான் நவராத்திரி ஆரம்பம். அதனால் இந்த விவகாரம் எங்கள் பக்கத்தில் கொலு வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஒன்பது நாளும் எந்த வீட்டுக்குப் போனாலும் சுண்டலும் துறைமுகமும்தான். பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐ.டி. ஆட்கள். நானும் அதே ஜாதி. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஆட்டோமேஷன் என் பிரிவு. பத்துப் பேர் உட்கார்ந்து கையால் பார்த்த சோதனையை ஒரு ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஆகவே மெஷினுக்கு எதிராக நான் கொடி பிடித்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் பிடிக்கவும் இல்லை. ஆனால் அந்த ஒன்பது நாள் கேட்ட தீர்ப்புகளில் பாதி எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் நடந்த கதை. துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் பெயர் ஐ.எல்.ஏ. அதன் உறுப்பினர்களில் சுமார் 45,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். கரை முழுக்க இப்படி ஒரு வேலைநிறுத்தம் நடந்து 47 வருஷமாகியிருந்தது. அதற்கு முந்தையது 1977-இல். எதிர்த்தரப்பு யு.எஸ்.எம்.எக்ஸ். என்கிற முதலாளிகள் கூட்டமைப்பு. கப்பல் கம்பெனிகளும் டெர்மினல் நடத்துபவர்களும் சேர்ந்தது அது. ஆறு வருஷ ஒப்பந்தம் செப்டம்பர் 30-ஆம் தேதியோடு காலாவதி. சங்கம் கேட்டது இரண்டு: ஆறு வருஷத்தில் 77 சதவீத சம்பள உயர்வு, ஆட்டோமேஷனுக்கு முழுத் தடை.

மக்கள் செய்த முதல் காரியம் காஸ்ட்கோவுக்கு ஓடி டாய்லெட் பேப்பர் வாங்கியது. அமெரிக்கர்கள் பயன்படுத்தும் டாய்லெட் பேப்பரில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே தயாராகிறது. மீதி பெரும்பாலும் கனடா, மெக்சிகோவிலிருந்து தரைவழியாக வருகிறது. துறைமுகம் மூடினால் உண்மையில் தட்டுப்படக்கூடியது வாழைப்பழம். அதை யாரும் பதுக்க முடியாது, கறுத்துப் போகும். கொரோனா காலத்துப் பயம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

“கிரேன் ஓட்டறவனுக்கு ரெண்டு லட்சமா?”

கொலு வீடுகளில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். “நான் ரெண்டு டிகிரி வாங்கி, விசா ஸ்டாம்பிங்குக்கு நாய் மாதிரி அலைஞ்சு, இருபது வருஷம் வேலை பாத்தும் அந்தத் தொகையைத் தொடலைங்க. இவன் பள்ளிக்கூடம் முடிச்சிட்டு வந்து ரெண்டு லட்சம் டாலர் வாங்கறான். இதுல ஸ்ட்ரைக் வேற!” சொன்ன நண்பரின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. அதில் பாதி பொறாமை, கால்வாசி களைப்பு, மீதி நியாயம்.

கணக்கைப் பார்ப்போம். பழைய ஒப்பந்தப்படி புதிதாகச் சேருபவருக்கு மணிக்கு 20 டாலர். ஆறு வருஷம் கழித்து அவர் தொடக்கூடிய உச்சம் 39 டாலர். வாரம் 40 மணி நேரம் என்று வருஷம் முழுக்கப் பெருக்கினால் சுமார் 81,000 டாலர் வரும். நியூ ஜெர்சியில் வீட்டுக் கடனும் சொத்து வரியும் கட்டுபவர்களுக்கு அந்தத் தொகை எவ்வளவு தூரம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் இரண்டு லட்சம் எங்கிருந்து வந்தது? அதுவும் பொய்யில்லை. நியூயார்க் துறைமுகத்தைக் கண்காணித்துவந்த வாட்டர்ஃபிரண்ட் கமிஷன், அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் 2019-20 கணக்கு வருஷத்தில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கினார்கள் என்று அறிக்கையில் எழுதியது. பார்க்காத மணிக்கும் சம்பளம் வாங்கும் சலுகைக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று அதே கமிஷன் குறையும் சொன்னது. ஆனால் அது நியூயார்க் கணக்கு. இரவு ஷிஃப்ட், ஞாயிறு, பண்டிகை நாள், ஓவர்டைம் என்று ஓடி ஓடிச் சேர்த்த தொகைதான் அதில் பெரும்பங்கு. மொத்தக் கரைக்கும் அதையே சராசரி என்று பேசியது தவறு.

விவாதத்தில் யாரும் சொல்லாத இன்னொரு எண் இருக்கிறது. மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச், ஓக்லண்ட் துறைமுகங்களில் ஐ.எல்.டபிள்யூ.யு. என்று வேறொரு சங்கம். அவர்கள் 2023-இல் போட்ட ஒப்பந்தப்படி 2024-இல் அடிப்படை விகிதம் மணிக்கு 54.85 டாலர். அதே கப்பல் கம்பெனிகள், அதே பெட்டி, அதே கிரேன். இந்தக் கரையில் 39, அந்தக் கரையில் 54.85. பக்கத்து இருக்கைக்காரர் அதே வேலைக்கு நம்மைவிட நாற்பது சதவீதம் அதிகம் வாங்குகிறார் என்று தெரிந்தால் நாம் சும்மா இருப்போமா? லிங்க்ட்இன்னைத் திறந்து வேறு கம்பெனி தேடியிருப்போம். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் கம்பெனி மாற முடியாது. துறைமுகம் இடம் பெயராது. அவருக்கு இருக்கிற ஒரே லிங்க்ட்இன் வேலைநிறுத்தம்.

கம்பெனிகளால் தர முடியாதா என்றால், அந்தப் பேச்சே வேண்டாம். 2021-இல் சீனாவிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு ஒரு 40 அடி கண்டெய்னர் அனுப்பும் கட்டணம் இருபதாயிரம் டாலரைத் தாண்டியது. மெர்ஸ்க் ஒரு கம்பெனி மட்டும் 2022-இல் சம்பாதித்த லாபம் சுமார் 2,900 கோடி டாலர். ஊர் முழுக்க வீட்டுக்குள் அடங்கியிருந்த நாட்களில் இந்தத் தொழிலாளர்கள் தினமும் வேலைக்குப் போனார்கள். பழைய ஒப்பந்தம் ஓடிய ஆறு வருஷத்தில் அமெரிக்காவில் விலைவாசி இருபது சதவீதத்துக்கும் மேல் ஏறியது. இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சம்பளக் கோரிக்கையில் எனக்குச் சிக்கல் ஒன்றும் தெரியவில்லை.

சங்கம் உத்தமமா?

இல்லை. இதைச் சொல்லாமல் தாண்டினால் நான் வக்கீல் ஆகிவிடுவேன்.

ஐ.எல்.ஏ.-வின் தலைவர் ஹெரால்ட் டேகட். சங்கப் பதவிகளிலிருந்து அவர் வாங்குவது ஆண்டுக்கு 9 லட்சம் டாலருக்கும் மேல். சங்கத்தின் இரண்டாம் நிலையில் இருப்பவர் அவர் மகன் டென்னிஸ். வேலைநிறுத்தத்துக்கு முன்னால் வெளியான வீடியோவில், நாங்கள் இறங்கினால் எல்லோரையும் முடக்கிப்போடுவோம் என்கிற ரீதியில் ஹெரால்ட் பேசினார். ஊரே கொதித்ததற்கு அந்த வீடியோ பாதிக் காரணம். தொழிலாளியின் வயிற்றுக்காகப் பேசுகிறேன் என்பவர் அந்தத் தோரணையில் பேசக்கூடாது. நம் ஊர் அரசியல் மேடைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்காது, அது வேறு விஷயம்.

சங்கத்தின் பழைய கணக்கும் அழுக்குத்தான். நியூயார்க் துறைமுகத்தில் 1950-கள் வரை ஆள் எடுத்த விதம் இது: காலையில் வாசலில் ஆட்கள் அரைவட்டமாக நிற்பார்கள். ஃபோர்மேன் விரல் நீட்டியவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவன் வீட்டுக்குப் போகலாம். கூலியில் பங்கு தரத் தயார் என்பதற்கு அடையாளமாகச் சிலர் காதில் பல்குத்தும் குச்சியைச் செருகிக்கொண்டு நிற்பார்களாம். குண்டர் கும்பல்கள் துறைமுகத்தை ஆண்டன. 1953-இல் ஊழலுக்காக இந்தச் சங்கத்தை நாட்டின் தொழிற்சங்கக் கூட்டமைப்பே வெளியேற்றியது. அதே வருஷம் வாட்டர்ஃபிரண்ட் கமிஷன் பிறந்தது. மார்லன் பிராண்டோ நடித்த ‘ஆன் த வாட்டர்ஃபிரண்ட்’ படம் 1954-இல் வந்தது இந்தச் சூழலிலிருந்துதான்.

இன்னொரு குறையும் உண்டு. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. துறைமுகத்திலிருந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு கிடங்குக்குப் போகிற லாரி ஓட்டுநர்களில் பலர் புலம்பெயர்ந்து வந்தவர்கள். சங்கம் கிடையாது. ‘சுயதொழில்’ என்று எழுதி வாங்கிவிட்டு, நடைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். வாசலில் காத்துக் கிடக்கும் மணிகளுக்குப் பெரும்பாலும் காசு இல்லை. அந்த மூன்று நாளில் அவர்கள் பிழைப்பும் நின்றது. ஆனால் வந்த உயர்வில் அவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. கழுத்தைப் பிடிக்கிற இடத்தில் நிற்பவனுக்குத்தான் கேட்டது கிடைக்கிறது. இரண்டு தெரு தள்ளி நிற்பவனுக்கு ஒன்றுமில்லை. ஐ.எல்.ஏ. தன் ஆட்களுக்காகப் போராடியது, தொழிலாளர் வர்க்கத்துக்காக அல்ல. அதற்கு மேல் மாலை போடத் தேவையில்லை.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் கேள்வி அப்படியே இருக்கிறது. தலைவர் சரியில்லை என்பதால் அவர் சொல்லும் கணக்கு தப்பாகிவிடுமா?

பெட்டி வந்த கதை

ஆட்டோமேஷன் பேச்சுக்கு வருவதற்கு முன்னால் எழுபது வருஷம் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் துறைமுகத்தில் மெஷின் வருவது இது முதல்முறை இல்லை. முதல் மெஷினுக்கு எஞ்சின்கூடக் கிடையாது. அது வெறும் இரும்புப் பெட்டி.

1956 ஏப்ரல் 26 அன்று நியூ ஜெர்சியின் நெவார்க்கிலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளோடு ஹியூஸ்டனுக்குக் கிளம்பியது. ஏற்பாடு செய்தவர் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி. அதுவரை மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாக ஆள் தூக்கி ஏற்றினால் டன்னுக்கு 5.86 டாலர் ஆனது. பெட்டியோடு தூக்கி வைத்தபோது ஆன செலவு டன்னுக்குச் சுமார் 16 சென்ட். இந்த இரண்டு எண்ணையும் பார்த்த எந்த முதலாளியும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

பார்க்கவும் இல்லை. 1962-இல் நியூ ஜெர்சியில் பெட்டிகளுக்கான போர்ட் எலிசபெத் திறந்தது. மன்ஹாட்டனிலும் புரூக்ளினிலும் இருந்த பழைய பியர்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நாம் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்கும் புரூக்ளின் பிரிட்ஜ் பார்க் அந்தப் பியர்களின் மேல்தான் இருக்கிறது. இன்று நெவார்க் விமான நிலையத்தைத் தாண்டி டர்ன்பைக்கில் போகும்போது ஒரு பக்கம் விமானம், மறுபக்கம் வரிசையாக ராட்சசக் கிரேன்கள். அந்தக் கிரேன்களின் காலடியில் ஆட்களைத் தேடிப் பாருங்கள். ஐம்பதுகளில் நியூயார்க் துறைமுகத்தை நம்பிப் பிழைத்தவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். இன்று அதைவிடப் பல மடங்கு சரக்கைச் சில ஆயிரம் பேர் கையாளுகிறார்கள்.

அந்த மாற்றத்தின்போது சங்கங்கள் என்ன செய்தன என்பதுதான் இந்தப் பதிவின் உயிர்.

மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் என்ற தலைவர். இடதுசாரி, பிடிவாதக்காரர், அரசாங்கம் நாடுகடத்தப் பலமுறை முயன்று தோற்றது. அவர் 1960-இல் முதலாளிகளோடு உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டார். எந்த மெஷினை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள், நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். பதிலுக்கு இருக்கிற நிரந்தர உறுப்பினர் யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது. மெஷினால் மிச்சமாகும் பணத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டாலர் தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும். சீக்கிரம் ஓய்வு பெறுபவர்களுக்குக் கையில் ஒரு தொகை கொடுக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் ஐ.எல்.ஏ. இன்னும் முரட்டுத்தனமாகப் போனது. 1965-இல் வேலைநிறுத்தம் செய்து முடித்தபோது நியூயார்க்கில் கிடைத்தது இது: ஒரு அணியில் 20 பேர் என்பதை 17 ஆகக் குறைக்கச் சங்கம் சம்மதிக்கிறது, பதிலுக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 1,600 மணி நேரக் கூலி உறுதி. இது தவிர கண்டெய்னர் சரக்குக்கு டன் கணக்கில் ஒரு ராயல்ட்டி 1960-லிருந்தே இருந்தது.

பெட்டியைத் தடுத்தார்களா? இல்லை. பெட்டியிடம் வாடகை வாங்கினார்கள். வேலை குறைந்தது உண்மை. பிள்ளைகளுக்கு அந்த வேலை கிடைக்காமல் போனதும் உண்மை. ஆனால் இருந்த தலைமுறை தெருவுக்கு வரவில்லை. உலகப் பொருளாதாரத்தையே மாற்றிய ஒரு கண்டுபிடிப்பு தந்த கோடிகளில் ஒரு துளி, அதனால் வேலை இழந்தவன் வீட்டு அடுப்புக்குப் போனது. இதைச் சாதாரண விஷயமாக நினைக்க வேண்டாம். நம் ஊர்க் கைத்தறி நெசவாளருக்கு விசைத்தறி வந்தபோது யார் ராயல்ட்டி கொடுத்தார்கள்?

இப்போது வந்திருக்கும் மெஷின்

2024 ஜூன் மாதமே பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. காரணம் சம்பளம் அல்ல. அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் இருந்த ஒரு கேட். லாரி வரும், கேமரா நம்பரைப் படிக்கும், கதவு திறக்கும். இடையில் கையெழுத்துப் போட்டு அனுப்ப ஐ.எல்.ஏ. ஆள் கிடையாது. ஒப்பந்தத்தை மீறி இதை வைத்துவிட்டார்கள் என்று சங்கம் எழுந்து போய்விட்டது.

சுங்கச்சாவடியில் நிற்காமலே டோல் கழித்துக்கொள்ளும் ஈஸி பாஸையும் டேகட் ஒரு பேட்டியில் திட்டியிருந்தார். டோல் வாங்கும் ஆட்களின் வேலையை அது தின்றுவிட்டது என்று. கொலு வீடுகளில் இதற்குத்தான் பெரிய சிரிப்பு. ‘இவர் பேச்சைக் கேட்டால் டர்ன்பைக்கில் இன்னும் சில்லறை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்’ என்றார்கள். நானும் ஈஸி பாஸ் இல்லாமல் காரை எடுக்க மாட்டேன். ஆனால் பக்கத்து மாநிலம் பென்சில்வேனியா 2020 ஜூனில் தன் டர்ன்பைக்கின் டோல் ஊழியர்கள் சுமார் 500 பேரை மொத்தமாக அனுப்பியது. சிரித்தவர்களில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நமக்கு மிச்சமான ஐந்து நிமிஷத்தின் விலையை யாரோ கட்டினார்கள். கட்டியவர் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

“சைனாவைப் பாருங்க, ஷாங்காய்ல மனுஷனே இல்லாம துறைமுகம் ஓடுது. நாம பின்தங்கிட்டோம்” என்பது அடுத்த வாதம். 2017-இல் திறந்த யாங்ஷான் நான்காம் கட்டம் உண்மையிலேயே பிரமிக்கவைக்கும் விஷயம்தான். ராட்டர்டாமில் தானியங்கி டெர்மினல் 1993-லிருந்தே ஓடுகிறது. ஆனால் ஆட்டோமேஷன் என்றாலே வேகம் என்று முடிச்சுப் போடுவது சரியில்லை. மெக்கின்ஸி என்ற ஆலோசனைக் கம்பெனி 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. தொழிற்சங்கத்துக்கு அது உறவுக்காரன் இல்லை. தானியங்கித் துறைமுகங்களில் நடத்தும் செலவு 15 முதல் 35 சதவீதம் குறைகிறது, ஆனால் உற்பத்தித் திறனும் 7 முதல் 15 சதவீதம் குறைகிறது என்று எழுதினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2024-இல் பத்துப் பெரிய கண்டெய்னர் துறைமுகங்களைப் பார்த்துவிட்டு, பலன் கலவையாகத்தான் இருக்கிறது என்றது. கொரோனாவுக்குப் பிறகு நூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கடலில் காத்துக் கிடந்தது எந்த ஊரில்? லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச். தானியங்கி டெர்மினல்கள் இருக்கிற அதே ஊர். அந்த நெரிசலுக்குக் கிடங்கு, லாரி, டிரெய்லர் என்று பல காரணங்கள் இருந்தன, கிரேன் மட்டும் காரணமில்லை. நான் சொல்லவருவதும் அதுதான். துறைமுகத்தின் வேகம் கிரேன் ஓட்டுபவர் கையில் மட்டும் இல்லை.

என் தொழிலிலும் இதே கதை. ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் சோதனை வேகமாகும் என்று மேலே பிரசன்டேஷன் போடுவார்கள். சில நேரம் ஆகும். பல நேரம் ஸ்கிரிப்டைப் பராமரிக்கவே இரண்டு பேர் வேண்டும். ஆனால் பட்ஜெட் ஷீட்டில் ‘எட்டுப் பேர் குறைவு’ என்பது நிச்சயமாக வந்துவிடும். வேகம் வருமா என்பது கேள்வி. கூலி குறையும் என்பது உறுதி. வேகம் என்று விளம்பரம் செய்துவிட்டுக் கூலியைக் குறைப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

மறுபக்கமும் இருக்கிறது. நம் குமரி எல்லையைத் தாண்டினால் விழிஞ்ஞம். 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தில் யார்டு கிரேன்களை அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து இயக்குகிறார்கள். இயக்குபவர்களில் பக்கத்து மீனவக் கிராமங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் இருக்கிறார்கள். பழைய முறையில் அவ்வளவு உயரம் ஏறிக் கேபினில் உட்காரும் வேலைக்கு அந்தப் பெண்களை யார் கூப்பிட்டிருப்பார்கள்? அதே மெஷின் ஓரிடத்தில் வேலையைப் பிடுங்குகிறது, இன்னோரிடத்தில் கதவைத் திறக்கிறது. ஆகவே முழுத் தடை என்ற கோரிக்கையை நான் ஏற்கவில்லை. எந்த நிபந்தனையில் மெஷின் வருகிறது, யார் பேசி வருகிறது என்பதுதான் எல்லாம்.

பேசி முடித்தது

வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே சம்பள உயர்வில் முதலாளிகள் ஏறக்குறைய 50 சதவீதம் வரை ஏறி வந்திருந்தார்கள். 1947-ஆம் வருஷ டாஃப்ட்-ஹார்ட்லி சட்டப்படி 80 நாளுக்கு வேலைநிறுத்தத்தை நிறுத்திவைக்க நீதிமன்றத்தை அணுகும் அதிகாரம் ஜனாதிபதிக்கு உண்டு. 2002-இல் மேற்குக் கரை விவகாரத்தில் புஷ் அதைப் பயன்படுத்தினார். பைடன் மாட்டேன் என்றார். தேர்தலுக்கு ஐந்து வாரம். ஹெலீன் புயல் தென்கிழக்கு மாநிலங்களைக் குதறிப்போட்டிருந்த நேரம். நெருக்கடி கம்பெனிகள் பக்கம் திரும்பியது. 62 சதவீதத்துக்குச் சம்மதித்தார்கள். ஆறு வருஷக் கடைசியில் உச்ச விகிதம் மணிக்கு 63 டாலர்.

ஆட்டோமேஷனை ஜனவரி 15 வரை தள்ளிவைத்தார்கள். நடுவில் தேர்தல் முடிந்தது. டிசம்பரில் டேகட்டைச் சந்தித்த டிரம்ப், ஆட்டோமேஷனால் மிச்சமாகும் பணம் அமெரிக்கத் தொழிலாளிக்கு அது தரும் வலிக்கு ஈடாகாது என்று வெளிப்படையாக எழுதினார். வியாபாரக் கட்சியின் தலைவர் சங்கத்தின் பக்கம்! கொலு முடிந்து கிறிஸ்துமஸ் பார்ட்டிக்கு வந்த நம்மவர்களில் பலருக்கு எந்தப் பக்கம் பேசுவது என்றே தெரியவில்லை.

2025 ஜனவரி 8 அன்று உடன்பாடு வந்தது. ஆளே இல்லாத முழு ஆட்டோமேஷனுக்குத் தடை நீடிக்கிறது. மற்ற புதிய தொழில்நுட்பம் வரலாம், ஆனால் சங்கத்தோடு பேசி, வேலைக்கு உத்தரவாதம் கொடுத்துத்தான் வர வேண்டும். பிப்ரவரி 25 அன்று வாக்களித்த உறுப்பினர்களில் சுமார் 99 சதவீதம் பேர் அதை ஆதரித்தார்கள். கூச்சலையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் இது 1960, 1965 ஒப்பந்தங்களின் பேரப்பிள்ளைதான். ‘முழுத் தடை’ என்று கத்தி ‘நிபந்தனையோடு வரட்டும்’ என்று முடித்தார்கள். பேரம் என்பது அப்படித்தான் நடக்கும். கடைக்காரர் சொல்லும் முதல் விலையைக் கேட்டு அவரை முட்டாள் என்று யாரும் சொல்வதில்லை.

நம் ஊர் நிலவரத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அதே 2024 ஆகஸ்டில் இந்தியாவின் பெருந்துறைமுகத் தொழிலாளர் சம்மேளனங்களும் 28-ஆம் தேதி முதல் வேலைநிறுத்தம் என்று அறிவித்திருந்தன. முந்தின நாள் 8.5 சதவீத உயர்வோடு உடன்பாடு கையெழுத்தாகி, நின்றது. சென்னை, எண்ணூர், தூத்துக்குடி மூன்றும் பெருந்துறைமுகப் பட்டியலில் வருபவை. ஆனால் அந்த ஒப்பந்தம் நிரந்தர ஊழியர்களுக்கு. காண்டிராக்டில் இருப்பவர்களும் தனியார் துறைமுகத்தில் இருப்பவர்களும் அந்தக் கணக்கில் வரவில்லை. அமெரிக்க வேலைநிறுத்தத்தைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திருப்பூர் ஏற்றுமதிக்காரர்கள். செங்கடல் தாக்குதலால் கப்பல்கள் ஏற்கெனவே ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தன. அதற்கு மேல் சவான்னாவும் நியூயார்க்கும் மூடினால் பனியன் பெட்டிகள் எங்கே இறங்கும்? மூன்று நாளில் முடிந்தது அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

நம்ம கதை

கடைசியாக, சுண்டல் தட்டோடு தீர்ப்பு சொன்ன என் ஐ.டி. சொந்தங்களுக்கு.

2023-இல் உலகெங்கும் டெக் கம்பெனிகள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பின. அதற்கு எந்தத் துறைமுகமும் மூடவில்லை. காலையில் லேப்டாப் திறந்தால் லாகின் போகவில்லை, அவ்வளவுதான் அறிவிப்பு. ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் இந்த நாட்டில் தங்கி வேறு வேலை தேட 60 நாள் அவகாசம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், கார் எல்லாம் அந்த 60 நாளுக்குள். இதுதான் இரண்டு டிகிரிக்குக் கிடைத்த பேரம் பேசும் பலம். கோட் எழுதும் ஏ.ஐ. வந்தபிறகு நமக்கும் மொபைல் துறைமுகத்து கேட் வந்துவிட்டது. ‘உங்கள் வேலையை எளிதாக்கும்’ என்று அறிமுகம் செய்கிறார்கள். எளிதானதில் மிச்சமாகும் நேரம் யாருக்கு என்று எந்த டவுன்ஹாலிலாவது யாராவது கைதூக்கிக் கேட்டோமா?

‘பள்ளிக்கூடம் முடித்தவனுக்கு இவ்வளவா’ என்று கேட்டோமே, அந்தப் பள்ளிக்கூடம் முடித்தவன் நாம் கேட்காத கேள்வியைக் கேட்டான். மெஷின் வருவதற்கு முன்னாலேயே கேட்டான். எழுதி வாங்கினான். அவன் தலைவர் யோக்கியரா, சங்கம் சுத்தமா, லாரிக்காரருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விகள் எல்லாம் நியாயம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அந்த வேலைநிறுத்தம் நியாயமானது என்பது என் தீர்ப்பு. முழுத் தடை தவறு, நிபந்தனை சரி, கேட்ட நேரம் மிகச் சரி.

உங்கள் கம்பெனியில் அடுத்த டூல் வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மிச்சமாகும் பணத்தில் எங்களுக்கு என்ன? புதிய வேலைக்கு எங்களைப் பழக்குவீர்களா? இதையெல்லாம் எழுத்தில் தருவீர்களா? தனியாகக் கேட்டால் மேனேஜர் சிரிப்பார். பக்கத்து இருக்கைக்காரரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். துறைமுகத்துக்காரர்கள் கையில் 2030 செப்டம்பர் 30 வரை கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது. நம் கையில் இருப்பது ஆஃபர் லெட்டர் மட்டும்.